நீலத்தொட்டிக்கு ஒரு மனு

சார்வரி வருஷம், தை மாதம், வியாழக்கிழமை.

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வக்கீல் எழுதி வைத்திருந்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். தகரை விதையை வேகவைத்து, பழைய சாயத்தொட்டித் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டு அவுரி நீலத்தைக் கரைக்கும் முறைக்குச் சர்க்கார் எனக்கு மட்டும் உரிமை தர வேண்டும் என்ற மனு. கிடைத்துவிட்டால் என்னைக் கேட்காமல் யாரும் அப்படிச் சாயத்தொட்டி போட முடியாது.

“இது நீங்களே கண்டுபிடிச்சதுதானே, ராவுத்தரே?” என்றார் வக்கீல்.

“ஆமா” என்றேன். விதையின் அளவையும் சூட்டின் பக்குவத்தையும் குறித்தது மட்டும்தான் நான். மற்றதெல்லாம் சாயக்காரன் காசி எனக்குக் காட்டிக்கொடுத்தது.

சாயங்காலம் இராஜபாளையம் திரும்பினால், அந்தக் காசியே ஒரு கலயத்தோடு என் சாயச் சரக்குக் கிட்டங்கி வாசலில் நிற்கிறான்.

“புளிப்பு நின்னு ஒங்க தொட்டி செத்துப்போச்சாமே, மாமு. நம்ம தொட்டித் தண்ணி கொண்டாந்திருக்கேன். ஊத்துங்க, காலையில பொழச்சிரும்.”

“நான் கேக்கவே இல்லியே, காசி.”

“செத்த தொட்டிக்குத் தண்ணி குடுக்காம இருந்தா நம்ம தொட்டியும் செத்துரும்லா.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஒருத்தன் வந்து, இனிமே நீ தொட்டியே போடாதேன்னு சொன்னா என்ன செய்வே?”

சிரித்தான். “சொல்லட்டுமே. அவன் தொட்டி செத்தா நம்மகிட்டதானே வரணும்.”

கலயத்தை வாங்கி ஊற்றிவிட்டேன். மனு நாளைத் தபாலில் கல்கத்தா போகிறது. நிறுத்தச் சொல்லி வக்கீலுக்குக் கடுதாசி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியது இந்த நாட்குறிப்பை மட்டும்தான்.