உங்கள் ரிடிமில் நான் பாடிய மீன்

அண்ணை, எப்படி இருக்கிறீர்கள்? அங்கேயும் குளிர்தானோ? போன மனிதரிடம் சுகம் கேட்கிறான் என்று சிரியாதீர்கள். ஒபர்வில்லியே மண்டபப் படியில் இருந்து எழுதுகிறேன். உள்ளே ஸ்பீக்கரைச் சோதிக்கிறார்கள். உங்கள் பேஸ் கிட்டார் விழுகிற அடியில் என் கைத் தேத்தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது.

இன்று உங்கள் முப்பத்தோராம் நாள். காலையில் ஐயர் தன் வேலையை முடித்துவிட்டார். இனி உங்கள் ரெகே இசைக் கூட்டாளிகளின் முறை.

2009 சண்டை முடிந்த கையோடு வன்னியிலிருந்து பிரான்சுக்கு வந்து, லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மீன்கடையில் நின்றவன் நான். அந்த மீன்களின் கதை தனி. ஐஸ் பெட்டியில் கிடந்தபடி என்னைவிடச் சுகமாக வந்து சேர்ந்தவை. சரி, அது கிடக்கட்டும். ரிடிம் என்றால் என்னவென்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

"மியூசிக் ஒண்டுதான்ரா தம்பி. அதுக்கு மேலை ஆளாளுக்குத் தங்கடை பாட்டு. களவில்லை, முறையே அதுதான்."

நீங்கள் செய்த ரிடிமில் குவாதலூப் தீவுக்காரர் தன் தாயைப் பாடினார். செவ்ரான் பக்கமிருந்து வருகிற பிள்ளை, விசா கிடைக்காமல் ஊரிலேயே நின்றுவிட்ட தகப்பனைப் பிரெஞ்சில் பாடினாள். எனக்கும் ஓர் இடம் விட்டிருந்தீர்கள். "நீ உன்ரை தங்கச்சியைப் பாடு" என்றீர்கள். கடைசிச் சண்டையில் சனத்துக்குள் என் கையை விட்டுப்போனவளை.

மைக்குக்கு முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். வந்தது கடைக் கூவல்:

"விளைமீன் வந்திருக்கு, வாங்கோ அக்கா வாங்கோ!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி அதையே கடை விளம்பரமாக்கினார். கார் து நோர் ரயில் நிலையத்தில் பொடியள் "மீன் பாகவதர்" என்று கையசைத்தார்கள். நானும் பெருமையாகக் கையசைத்தேன். நீங்கள் மட்டும் ஒருநாள், "பகிடி நல்லம். ஆனா உனக்கு விட்ட இடம் இன்னும் காலிதான்" என்றீர்கள். "பிறகு பாப்பம் அண்ணை" என்றேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னேன்.

இன்று உள்ளே அந்த ரிடிமைத்தான் போடப்போகிறார்கள்; போட்டால் இசையை நிறுத்தமாட்டார்கள். ஒரு குரல் போக அடுத்த குரல் வரும். தகப்பனை நினைத்துச் செவ்ரான் பிள்ளை அழுதுமுடிக்க, உடனே என் விளைமீன் வரும். முன்வரிசையில் அண்ணி இருக்கிறார். வெட்கத்தில் காது சுடுகிறது. மீன் பாடியதுகூடப் பரவாயில்லை, அண்ணை. இத்தனை வருசமும் அந்த மீனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தங்கச்சியின் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ரிடிம் போடுவது உங்கள் மகள்தான். இப்போது வந்து கேட்டாள்: "சித்தப்பா, மீனைப் போடட்டோ, இல்லாட்டி நீங்களே பாடுறீங்களோ?"

"மீனைப் போடாதை பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன். பாட்டு என்று ஒன்றும் கையில் இல்லை. அவளுடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே ரிடிம் தொடங்கிவிட்டது. அதோடு சேர்த்து முணுமுணுத்துப் பார்க்கிறேன், பெயர் முதல் அடியில் நிற்கவில்லை, கொஞ்சம் பிந்தி, பேஸ் மூச்செடுக்கிற இடத்தில் வந்து…

"சித்தப்பா! செவ்ரான் அக்கா முடிக்கிறா, கெதியா வாங்கோ!"

ஓம் பிள்ளை, வாறன். அண்ணை, கேட்டுக்கொண்டிருங்கள், அவள் பெயர்…