கண்ணுக்குத் தெரியாத சுடர்

03.02.98 செவ்வாய்
தண்ணீரூற்று. விடியப் பனி, எட்டு மணிக்குக் கலைந்தது. பாலை விறகு அடைத்து எரித்த பரல், பழைய எண்ணெய்ப் பீப்பாய், நேற்றே ஆறிவிட்டது. கிடைத்தது:
கரி, ஒன்றரைச் சாக்கு.
தார், ஒரு வாளி. முல்லைத்தீவு வள்ளங்களுக்குப் பூச.
புகையைக் குளிர வைத்துப் பிடித்த புளிநீர், மூன்று தகரக் கன். அதில் சுண்ணாம்பு போட்டு, இரண்டு தரம் காய்ச்சி எடுத்த மர ஸ்பிரிட், அதாவது மெதனோல், இரண்டு போத்தல். இந்த இரண்டு போத்தலுக்குத்தான் இவ்வளவு பாடும். டிஸ்பென்சரி நேர்ஸ் பொருளாதாரத் தடையால் ஊசி அவிக்க மண்ணெண்ணெய் இல்லாமல் நிற்கிறார்.

கரித்தூளில் வடித்தால்தான் தார் மணம் போகும். வடிதுணி, மனைவி கமலாவின் பழைய சீலைத் துண்டு. கேட்காமல் கிழித்ததற்கு ஏச்சு. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த காலத்தில் ஆய்வுகூடத்தில் பம்பு இருந்தது. இங்கே றபர் குழாயும் என் வாயும். மண்ணெண்ணெய் இழுத்துப் பழகிய வாய்தானே. மூன்று மிடறு உள்ளே போய்விட்டது. நஞ்சு என்று தெரியும். மிச்சத்தைத் துப்பினேன், கொப்பளித்தேன். அது காணும், ஒன்றும் செய்யாது.

மத்தியானம் ஒரு போத்தல் வடித்து முடிந்தது. முற்றத்தில் விளக்கில் ஊற்றிக் கொளுத்தி, மேலே ஒரு கடுதாசித் துண்டைப் பிடித்தேன். மாரிமுத்து இரண்டடி பின்னால் போனான். மலையகத்திலிருந்து வந்தவன், பரல் வேலை முழுக்க அவன் பொறுப்பு.
"சார், நெருப்பையே காணோம். கடுதாசி மட்டும் கருகுது."
மர ஸ்பிரிட்டின் சுடர் வெயிலில் தெரியாது என்று விளக்கினேன். தலையாட்டினான், கிட்ட வரவில்லை. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. வெறும் திரி. மேலே காற்று மட்டும் நடுங்கியது.
நேர்ஸ் கையைச் சுட்டுக்கொள்வார். வழி: திரியில் உப்பு. சுடர் மஞ்சளாகத் தெரியும்.

04.02 புதன்
தலையிடி. இரண்டு தரம் சத்தி எடுத்தேன். பரல் புகை ஒத்துக்கொள்ளவில்லை போல. மிச்சப் போத்தலை மாரிமுத்து வடித்தான்.
"நீங்க உக்காருங்க சார். நான் உறிஞ்சுறேன்."
என்னைவிடப் பலமான நெஞ்சு. ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பின்னேரமும் பனி. நாலு மணிக்குப் பனி நான் கண்டதில்லை. கிணற்றடி வாழை பாதிதான் தெரிந்தது. கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"எங்கயப்பா பனி? வெயில் எரிக்குது. கண்ணாடியைத் துடையுங்கோ."
துடைத்தேன். அவள் முகத்திலும் பனி.
நாளைக்கு: உப்பு. நேர்ஸுக்குச் சொல்லி அனுப்ப. சைக்கிள் பிரேக் கட்டை.

05.02 வியாழன்
விடிந்தது சேவல் கூவித்தான் தெரியும். எல்லாம் வெள்ளை. விரலை வரியில் வைத்து எழுதுகிறேன், பிசகும்.

கமலாவை விளக்குக் கொளுத்தச் சொன்னேன்.
"பத்திச்சுதோ?"
"ஓம்."
"உப்புப் போட்டனீரோ?"
"போட்டனான். நல்ல மஞ்சளாய் எரியுது. ஏன், தெரியேல்லையே?"
கையை நீட்டினேன். சுட்டது.

மர ஸ்பிரிட் வயிற்றுக்குள் போனால் முதலில் போவது கண். நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்தது. பயமாக இருக்கிறது. கமலாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மாரிமுத்து வந்தால் சைக்கிளில் டிஸ்பென்சரிக்கு ஏற்றிப் போவான் என்று காத்திருந்தேன்.

வாசல் படலையில் அவன் மனைவியின் குரல். கமலா போய்க் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.
"மாரிமுத்து இண்டைக்கு வரமாட்டாராம். ஒரே பனியாம், ஒழுங்கையில வழி தெரியேல்லையாம். இந்த வெயிலுக்குள்ள."