சுவர்ப் பக்கத்து ஓட்டைகள்

ஜூன் 4
எல்லாரும் தூங்கியாச்சு. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று அப்பா எங்கள் மரத்தில் டிரில்லால் ஓட்டை போட்டார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் மாமா கடைக்குப் போயிருந்த நேரம். தெருவில் யாரும் பார்க்கக் கூடாதென்று, மாமா வீட்டுச் சுவரைப் பார்த்த பக்கமாகப் போட்டார். சத்தம் வெளியே கேட்காமலிருக்க அம்மா வெறும் மிக்ஸியை ஓட்டினாள். நான் கேட்டில் காவல். ஓட்டைக்குள் களைக்கொல்லி மருந்தை ஊற்றி, மண் வைத்து அடைத்தார்.

அது அரசாங்கம் நம்பர் தகடு அடித்த மரம். வெட்டினால் வழக்கு. தானாகப் பட்டுப்போனால் கேள்வியில்லை. போன மழையில் கிளை முறிந்து, தம்பி படுக்கிற அறைக் கூரைமேல் விழுந்ததிலிருந்து அப்பா அனுமதி கேட்டு அலைந்தார். தரவில்லை.

“வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்” என்றார். அப்பா அப்படிப் பேசுகிறவரே இல்லை.

ஜூன் 9
பயமாக இருக்கிறது.

ஜூன் 27
இலை கொட்டுகிறது. எங்களுடையது மட்டுமில்லை — மாமா வீட்டு மரமும். அதில் அப்பா கையே வைக்கவில்லையே?

மாமா குளித்த தண்ணீரை வாளியில் கொண்டுவந்து தன் மரத்துக்குப் பாதி, சுவர்மேல் எட்டி எங்கள் மரத்துக்குப் பாதி ஊற்றுகிறார். “வெயில்ல வாடிருச்சும்மா. உங்கப்பனுக்கு இதைக் கண்டா ஆகாது, நாமளாவது பார்ப்போம்” என்று சிரித்தார்.



ஜூலை 8
மரம் பட்டுப்போகிறதென்று கேள்விப்பட்டு மர அதிகாரி வந்து ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார். மண்ணுக்கடியில் ரெண்டு மரத்து வேரும் ஒட்டி வளர்ந்திருக்குமாம். ஒன்றில் ஊற்றினால் மற்றதிலும் ஏறுமாம். அப்பா முகம் வெளுத்துப்போனது.

ஆனால் அதிகாரி கேட்டது மாமாவை. “ஓட்டை உங்க சுவர்ப் பக்கமா இருக்கே பெரியவரே. கொட்டகையில களைக்கொல்லி மருந்து வேற வச்சிருக்கீங்க.”

“என் மரத்தையே நான் ஏன்யா கொல்றேன்?”

“அவங்க மரத்துல ஊத்தும்போது வேர் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அப்பா செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிடுவார், இப்ப சொல்லிடுவார்னு பார்த்தேன். சொல்லல.

ஜூலை 9
அப்பா ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். “அவர் உள்ளே போயிட்டா நீயா சம்பாதிச்சுப் போடுவே?” என்றாள். அப்புறம் அவளே அழுதாள்.

ஜூலை 11
யாரோ மாமா வீட்டுக் கேட்டில் ‘கொலைகாரன்’ என்று கரியால் எழுதியிருக்கிறார்கள். மாமா துடைத்துக்கொண்டே, “கையெழுத்து நல்லாருக்கு, பஸ் போர்டு எழுதப் போகலாம்” என்றார். அப்புறம் வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்ட மரத்துக்கு.

ஜூலை 12
பள்ளி விட்டு வரும்போது அதிகாரி, மாமா வீட்டு வாசலில் நின்று ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரே போய், “எங்கப்பா” என்றேன். தம்பி அறை, விழுந்த கிளை, எல்லாம் சேர்த்துச் சொல்லணும்னுதான் போனேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

ஜூலை 20
அப்பா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தம்பியிடம், “உங்கக்காவைக் கொண்டு வரச் சொல்லு” என்கிறார். தம்பிக்கு இன்னும் பேச்சே வரவில்லை.

ஆகஸ்ட் 24
ஜெயில் இல்லை. ரெண்டு வீட்டிலும் கன்று நட்டு, வளரும்வரை அப்பாவே பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு.

இன்று அப்பா மாமா வீட்டில் குழி வெட்டினார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மண்ணைத் தள்ளும்போது, தலை நிமிராமல் மாமாவிடம் சொன்னார்: “நேராப் பிடிக்கச் சொல்லுங்க.”

மாமா என் பக்கம் திரும்பினார். “நேராப் பிடிக்கணுமாம்மா.”

பிடித்தேன்.