ஊமைக் கட்டைகள்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் வாண்டும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது, சிரித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பாம்புக் காது அவருக்கு, நான் சமையலறையில் முணுமுணுத்தால் முன்னறையிலிருந்து பதில் வரும். "அப்பா ஏம்மா என்கிட்ட பேச மாட்டேங்கிறார், நான் என்ன பண்ணேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் மற்றதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை ஒருவழியாக மாற்றிவிட்டார், சுவரில் இருந்த ஈரம் காய்ந்து வருகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, காலர் தைத்துத் தைத்து விரலெல்லாம் வலி. வாண்டுக்குச் சளி என்றாளே மருமகள், மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, தலையை நன்றாகத் துவட்டாமல் வெளியே விடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் கீபோர்டை ரிப்பேர் பண்ணினோமே, எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் போனதிலிருந்து அது முன்னறை மூலையில் உறை போட்டபடி கிடந்தது உனக்கே தெரியும். போன வருஷம் ஒருநாள் அப்பா அந்த உறையை எடுத்தார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டின மனுஷன், ஹாரனைத் தவிர ஒரு வாத்தியமும் வாசித்ததில்லை. அக்கா சாயங்கால வேளையில் வாசிப்பாளே ஒரு சின்ன மெட்டு, அதை ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானாகவே பிடித்துவிட்டார். ஆனால் நடுவில் நாலைந்து கட்டைகள் ஊமை. அவள் விரல் அதிகம் பட்டதே அந்தக் கட்டைகளில்தான், உழைத்து உழைத்து ஓய்ந்துவிட்டன. மெட்டு பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அவரோ அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ஊமைக் கட்டையை அமுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருப்பார், பிறகு அடுத்ததற்குப் போவார். மனுஷனுக்குப் பொழுது போகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். நீதான் ஒருநாள் போனில் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, கேக்கவே பாவமா இருக்கு, உள்ள அழுக்கு சேர்ந்திருக்கும், துடைச்சா சரியாயிடும், உன்னால முடியும்" என்று வழி சொல்லிக்கொடுத்தாய்.

அப்பா கண் டாக்டரைப் பார்க்க மாடி வீட்டுக்காரரோடு போன அன்றைக்குப் பிரித்தேன். வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று எனக்கு ஒரே குஷி. சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து அதைக் கவிழ்த்துப் போட்டு, கழற்றின ஸ்குரூவையெல்லாம் பட்டன் டப்பா மூடிகளில் பிரித்துப் போட்டுக்கொண்டேன். தையல் மிஷினைக் கழற்றிப் பூட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா. கட்டைகளை எடுத்தால் கீழே நீளமாக ஒரு ரப்பர் பட்டை, அதன் அடியில் வரிசையாகக் கரும்பொட்டுகள். கட்டையை அமுக்கினால் பொட்டு கீழே பலகையில் போய்ப் படுகிறது, பட்டால் சத்தம், இதுதான் சூட்சுமம். நீ சொன்னபடி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தேன். ஒரு ஊமைக் கட்டையின் ஸ்பிரிங்கில் நீளமாக ஒரு முடி சுற்றிக் கிடந்தது. நம் வீட்டில் அவ்வளவு நீள முடி யாருக்கு இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிரித்தெடுத்து ஒரு பட்டன் டப்பாவில் மூடி வைத்தேன். அந்தக் கலக்கத்தில் பட்டையைத் துளைகளில் சரியாக உட்கார வைக்காமல் பூட்டித் தொலைத்தேன், ஒன்றை அமுக்கினால் இரண்டு கத்தின. மறுபடி பிரித்து, மறுபடி பூட்டி, கடைசியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கட்டை பாக்கியில்லாமல் கணீரென்று பேசியது. உனக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டது நினைவிருக்கும்.

அப்பா வந்தார், கை கால் கழுவினார், வழக்கம்போல உட்கார்ந்தார். பாதி மெட்டு வாசித்திருப்பார், சுட்டுவிட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். "யாரு இத தொட்டது" என்றார். நான்தான், உங்க பிள்ளை போனில் வழி சொன்னான், நல்லாத்தானே பேசுது என்றேன். "இது மிஷின் சத்தம். அவ சத்தம் எங்க" என்றார். அப்புறம் துருவித் துருவிக் கேட்டதில்தான் சொன்னார். ஊமைக் கட்டைகளை அமுக்கியபோதெல்லாம் அவருக்கு மட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். அமுக்கினவுடனே வராதாம், கொஞ்சம் பொறுத்து மெதுவாக வருமாம். "கூப்பிட்டவுடனே அவ என்னிக்கு வந்திருக்கா" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த வாயோடு அழுதார். "அவளுக்குன்னு அதுல ஒரு எடம் இருந்துச்சு, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அடைச்சிட்டீங்க" என்றார். அன்றைக்கு உன்மேல் விழுந்த கோபம்தான் அது.

அதற்கப்புறம் அவர் அதன் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார், தாடி வளர்ந்துவிட்டது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், காதில் ஒரு குறையும் இல்லை என்றார், மனசுக்கு என்று மாத்திரை எழுதினார், அதை அப்பா தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இவரையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது எனக்கு. கிறுக்குத்தனம் என்று நினைக்காதே, அவரை மாடி வீட்டுக்காரரோடு இன்னொரு முறை கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டுக் கீபோர்டை மறுபடி பிரித்தேன். காலருக்குள் வைத்துத் தைக்கிற கேன்வாஸ் துணி கெட்டியாக இருக்குமல்லவா, அதைப் பொட்டளவு வெட்டி, அந்தக் கட்டைகளின் அடியில் மட்டும் பொட்டுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து நூலால் கட்டிப் பூட்டினேன். ஓங்கிக் குத்தினாலும் சத்தம் வராது. மற்றதெல்லாம் பேசும், அவை மட்டும் ஊமை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவராகவே எழுந்து வந்து ஒரு கட்டையைத் தொட்டார், தலையைச் சாய்த்தார், அப்படியே முகம் மலர்ந்தது. ராத்திரி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் போனிலேயே சாடைமாடையாகச் சொல்லியிருப்பேன். நேற்று மதியம் அப்பா முடிவெட்டப் போயிருந்தார். கேன்வாஸ் நகர்ந்திருக்குமோ என்று பார்ப்பதற்காக நான் போய் உட்கார்ந்தேன். அவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த மெட்டு மனப்பாடம். முதல் கட்டையை அமுக்கினேன், பேச வேண்டிய கட்டை அது, பேசவில்லை. அடுத்ததும் பேசவில்லை. எதையோ தப்பாகப் பூட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு அதற்கடுத்த ஊமைக் கட்டையை அமுக்கினேன். ஒன்றுமில்லை. கையை எடுக்கப்போன சமயத்தில், மெதுவாக, அது பேசியது. கேன்வாஸ் வைத்த அத்தனை கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன், அத்தனையும் பேசின. நல்ல கட்டைகள் எல்லாம் வாயடைத்துக் கிடந்தன. அப்போதுதான் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். காலையில் பெருக்கும்போது நான் பிடுங்கின பிளக் தரையில் அப்படியே கிடந்தது. பேட்டரியும் அதில் கிடையாது, பேட்டரி போடுகிற இடம் துருப்பிடித்து வெகுகாலம் ஆகிறது.

பயந்துதான் போனேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனாலும் எழுந்து ஓடவில்லை. எதுவாக இருந்தாலும் நான் பெற்றதுதானே என்று உட்கார்ந்து இன்னொரு தடவை அமுக்கினேன்.

அதனால் கண்ணு, புதுக் கீபோர்டு வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. அப்பா உன்னோடு பேசுவார், நான் பேச வைக்கிறேன். என் காதிலும் விழுந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் சிடுசிடுக்காதே, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. வந்து நீயும் ஒருமுறை அமுக்கிப் பார். அமுக்கினவுடனே கையை எடுத்துவிடாதே, அவள் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா