வாணியின் ஊஞ்சல் நேரம்

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே வெயில். பைப்பில் தண்ணீர் வரவில்லை, நாளைக்காம். வாணியின் வலிப்பு மாத்திரை தீரப்போகிறது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் இடத்தில் இன்னும் நூல் வரவில்லை, தறி நிற்கிறது. மனுஷன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடை.

சாயங்காலம் பூங்கா. நாலு மணியானால் வாணி கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிடுவாள். 'உய்யா, உய்யா.' வீட்டில் நாங்கள் பேசும் தெலுங்கில் ஊஞ்சலுக்கு உய்யாலா. பதினேழு வயதுப் பெண்ணுக்கு வாயில் இருப்பது ஏழெட்டுச் சொல்; அதில் இது ஒன்று. ஊஞ்சலில் கொஞ்ச நேரம் ஆடினால் கையைக் கடிக்க மாட்டாள், இரவு தூங்குவாள். ஆடாத அன்றைக்கு மூன்று பேருக்கும் தூக்கம் கிடையாது.

கபடிப் பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. பொங்கல் சமயத்தில் ஒரு டீம்தான். இப்போது மாவட்ட லீக் வருகிறதாம். மல்லாங்கிணறு, பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். அத்தனையும் பெண் பிள்ளைகள். முழங்கை முழங்காலெல்லாம் செம்மண். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் யார் விட்டார்கள்.

ஆனால் கபடிக் கோர்ட்டை நகர்த்தி நகர்த்தி ஊஞ்சல் பக்கத்துக்கே வந்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கிற மாரீஸ்வரி டீச்சரிடம் கேட்டேன்.

"வேற எங்கக்கா போக? பள்ளிக்கூட கிரவுண்டுல பையங்க கிரிக்கெட்டு. எங்கள உள்ளயே விட மாட்டேங்கிறாக."

அதுவும் உண்மை.

மார்ச் 13, வியாழன்

தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், எல்லாக் குடமும். இடுப்பு வலி.

இன்று ஒன்று நடந்தது. ஆடிக்கொண்டிருந்த வாணி இறங்கிப் போய்க் கோட்டருகே நின்றாள். பாடி வருகிற பெண்ணைப் பிடிக்கப் பிள்ளைகள் கைகோத்து நிற்பார்களே, அந்த வரிசையின் கடைசியில் போய் இவளும் கையைக் கொடுத்தாள். கடைசியில் நின்றது பாண்டீஸ்வரி, திருச்சுழிப் பக்கத்துப் பெண், டீமிலேயே கெட்டிக்காரி. கையை உதறவில்லை.

"வா, நீ எங்க டீமு" என்றாள்.

டீச்சர் விசிலடித்தார். "ஏய் பாண்டீசு, வெளயாட்டப் பாரு."

"ஒரு நிமிசம் டீச்சர். நிக்கட்டும்."

வாணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. வந்து அவரிடம் சொன்னேன். யார் வீட்டுப் பிள்ளை அது என்று கேட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

எழுத முடியவில்லை. சுருக்கமாக.

நான் குழாயில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். பாண்டீஸ்வரி பாடிப் போய்விட்டுத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தாள். வாணி கோர்ட்டுக்குள் ஓடி அவளைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவளுக்கு அதுதான் விளையாட்டு. இரண்டு பேரும் விழுந்தார்கள். கீழே அந்தப் பெண், மேலே இவள், இவ்வளவு கனம். இடது மணிக்கட்டு.

அந்தப் பிள்ளை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. வாணி சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கத்தத் தொடங்கியதும் தன் கையைக் கடித்தாள். ரத்தம்.

கம்பி வேலிப் பக்கம் ஒரு குரல்: "இதுகளயெல்லாம் வீட்டோட வச்சுக்கிட வேண்டியதுதான?" திரும்பினேன். யாரென்று தெரியவில்லை. தெரியாததே நல்லது, நாளைக்கு மளிகைக் கடையில் பக்கத்தில் நிற்கிறவளாக இருக்கும்.

மார்ச் 19, புதன்

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. லீக்கில் ஆட முடியாது.

மதியம் பாண்டீஸ்வரியின் அப்பா வந்தார். தோளில் துண்டு, காலில் கரிசல் புழுதி. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சண்டைக்கு வரலம்மா. புள்ளதான் போயிட்டு வாங்கன்னுச்சு. வாணி மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டு வாங்கப்பான்னுச்சு. அதான் வந்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லீக்குல நல்லா ஆடுனா காலேசுல எடம் கெடைக்கும்னு டீச்சர் சொல்லியிருந்தாக. நமக்கு மானம் பாத்த காடு, மழ பேஞ்சாத்தான் வெள்ளாம. அதுல என்ன இருக்கு. சரி, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

வாணியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "ஒரே புள்ளையா?"

"ஒண்ணுதான்" என்றார் இவர்.

காப்பி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

பூங்கா கமிட்டிக் கூட்டம். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வரவில்லை, நான் மட்டும். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் ரிட்டையர் ஆன சார், தினமும் இரண்டு வேளை அங்கே நடக்கிறவர். குரலை உயர்த்தவில்லை.

"யாரையும் வர வேணாம்னு சொல்லலம்மா. எல்லாருக்கும் பொதுவான பூங்கா. காலைலயும் சாயங்காலமும் புள்ளைக பயிற்சி. ஊஞ்சல், சறுக்கு எல்லாம் பத்துலருந்து நாலு வரைக்கும். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

நடக்கிறவர்கள் எந்த நேரமும் போகலாம், பாதை சுற்றி ஓரமாகப் போகிறது.

"பத்துலருந்து நாலு வெயிலுல்ல சார்" என்றேன்.

"குடை கொண்டு போங்கம்மா" என்றார் ஒருவர். கேலி இல்லை. நிஜமாகவே யோசனையாகத்தான் சொன்னார்.

வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கும் நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதைச் சொல்லவில்லை. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே, "லீக்கு முடியட்டும்க்கா" என்றார்.

பத்திலிருந்து நாலு என்பதற்குச் சம்மதம் உள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் பாண்டீஸ்வரி, கழுத்தில் தூளி கட்டிய கையோடு. மற்ற கையைத் தூக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி எல்லாக் கையும் மேலே.

நானும் கையைத் தூக்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

கோதுமை மாவு, மாத்திரை, வாணிக்கு அகலத் தொப்பி, தேங்காய் எண்ணெய்.

வீட்டிலேயே ஊஞ்சல் கட்டலாம் என்று அவர் ஏணி போட்டுப் பார்த்தார். தகரச் சீட்டுக் கூரை, தாங்குவது மெலிந்த குழாய். வாணியின் கனத்துக்குக் கூரையே இறங்கிவிடும். ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே மதியம். பதினோரு மணிக்குப் போகிறோம். ஊஞ்சல் பலகை இரும்பு, தொட முடியாது. சாக்கை நனைத்து விரித்து, சங்கிலியில் துண்டைச் சுற்றி உட்கார வைக்கிறேன். சாக்கு சீக்கிரம் காய்ந்துவிடும், திரும்ப நனைக்க வேண்டும். பூங்காவில் ஒரு ஈ காக்கை இல்லை. காவல்காரர் மரத்தடியில் படுத்திருப்பார்.

"இந்த வெயில்ல ஏம்மா?" என்கிறார் தினமும். கேட்கிறவர் அவர் ஒருவர்தான், அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு நேரம் கொடுக்கவில்லை அண்ணே.

வாணி கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறாள். வேர்வை வழிகிறது. ஆனால் தூங்குகிறாள். அது போதும் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஊஞ்சலில் இருக்கும்போதே வலிப்பு. ரொம்ப நாளாக வராமல் இருந்தது. சாக்கை நனைக்கத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன், பார்த்தால் மண்ணில் கிடக்கிறாள். கொதிக்கிற மண். ஒரு கன்னம் முழுக்கக் கன்றிவிட்டது. காவல்காரர் ஓடிவந்து தூக்கினார், ஆட்டோ அவர்தான் பிடித்தார்.

டாக்டர்: "இந்த வெயில்ல கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு தெரியாதாம்மா?"

தெரியும் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

பூங்கா இல்லை. மதியமும் இல்லை, சாயங்காலமும் இல்லை. சாயங்காலமானால் பிள்ளைகளின் விசில் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.

அவர் விடிய விடிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பகலில் சிவந்த கண்ணோடு தறிக்குப் போகிறார். இழை அறுவது தெரியாமல் ஓட்டி முதலாளியிடம் பேச்சு. நேற்று நான் வாணியை அடித்துவிட்டேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. அடித்த இடத்தை என்னிடமே கொண்டுவந்து காட்டினாள்.

எங்களுக்குப் பிறகு என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இன்றைய இரவே தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மாரீஸ்வரி டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சு.

"ஞாயித்துக்கெழம காலைல ப்ராக்டீஸ் இல்லன்னு ஆக்கிட்டேன்க்கா. பாண்டீசும் மத்த பிள்ளைகளும்தான் கேட்டாளுக. செயலாளர் சார்ட்டயும் பேசியாச்சு. விடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, நானும் வந்து நிக்கேன்."

வீட்டுக்காரர்தான் "ரொம்ப நல்லதும்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். டீச்சர் போன பிறகு வாணிக்குத் தலை சீவிவிட்டார், அவரே. வகிடு கோணல். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை உண்டு, அவசர ஆர்டர். வர முடியாததில் வருத்தம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரவு எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். காற்று குளிர்ச்சி.

விடியும்போதே கிளம்பிவிட்டோம். டீச்சர் முன்னாலேயே வந்து கேட்டைத் திறந்து வைத்திருந்தார். ஊஞ்சல் பலகையைத் துடைத்தும் வைத்திருந்தார். கோர்ட்டில் ஒருவரும் இல்லை.

வாணி கேட் வரை வந்தாள். அங்கேயே நின்றாள். கையைப் பிடித்துக் கூப்பிட்டேன், வரவில்லை. டீச்சர் ஓடிப்போய் வெறும் ஊஞ்சலை ஆட்டிக் காட்டினார். வாணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இழுத்தேன். என்னைவிடக் கனம். உள்ளே சார்கள் நடந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எங்களைப் பார்த்தபடி.

எதற்குப் பயந்தாள்? அந்தக் கூச்சலுக்கா, விழுந்ததற்கா, கன்னம் சுட்டதற்கா. அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வெயில் ஏறும் வரை மூன்று பேரும் அங்கேயே.

"அடுத்த வாரம் பாப்போம்க்கா" என்றார் டீச்சர்.

"பாப்போம் டீச்சர்."

வீட்டுக்கு வந்ததும் வாணி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். மதியம் அவர் சாப்பிட வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. கை கழுவும் முன்னாலேயே கேட்டார்.

"ஆடுனாளா?"

"ஆடுனா."

"நல்லா ஆடுனாளா?"

"ரொம்ப நேரம்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.