ஆத்தா வராத திருவிழா

16.4.2024, செவ்வாய்
பள்ளியிலிருந்து கடிதம். வலிப்பு நிற்கும்வரை துளசியை அனுப்ப வேண்டாமாம். ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாள்? பேச்சு மெதுவு, படிப்பு மெதுவு, பென்சில் பிடித்தால் விரல் இழுத்துக்கொள்கிறது. "வளர்ச்சிக் குறைபாடு, அப்படித்தான் இருக்கும்" என்று கிளினிக்கில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ‘அப்படித்தான்’ எனக்கு ஆகவே இல்லை.

21.4.2024, ஞாயிறு
கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா. உருமி அடித்ததும் துளசி மிரண்டு அழுதாள். மூச்சு வாங்கியது. விரல்கள் விறைத்துக் குவிந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது. குலவை போடுவதில் எங்கள் தோட்டத்து முத்தம்மா அக்காவை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் முதலில் கத்தினார்: "ஆத்தா எறங்கிட்டா லா!"

உடனே மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. "தாயே, எம்மவனுக்கு ஜொகூர்ல வேலை கெடைக்குமா?" என்று என் பிள்ளையிடம் குறி கேட்கிறார்!

அவரைச் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். பயந்து அலறிய மகளைத் தூக்காமல் — கும்பிட்டேன். பிறகு வலிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் கோகிலன்தான் அவளை வாரிக்கொண்டு காருக்கு ஓடினார்.

22.4.2024
ஈப்போ ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் துளசியின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். கொஞ்ச நேரத்தில் — அதே விரல்கள், அதே குவிப்பு! உருமி இல்லை, வேப்பிலை இல்லை. ஆத்தா இதற்குமா வருவாள்?

கத்திவிட்டேன். "டாக்டர், இங்க வந்து பாருங்க! நேத்தும் இதே கைதான்!"

டாக்டர் ரஜிதா ஓடி வந்தார். பட்டையை அவிழ்க்கச் சொன்னார். "இவளுக்கு இதுக்கு முன்ன ரத்தத்துல கால்சியம் பாத்திருக்காங்களாம்மா?"

ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருத்தரும்!

மாலை: கால்சியம் ரொம்பக் குறைவாம். விரல் குவிவதும் வலிப்பு வருவதும் அதனால்தானாம். நரம்பில் ஏற்றுகிறார்கள்.

8.7.2024, திங்கள்
மரபணுச் சோதனை முடிவு வந்தது. பிறவியிலேயே மரபணுவில் ஒரு சின்னத் துண்டு இல்லை. கால்சியத்தைக் கவனிக்கும் கழுத்துச் சுரப்பி சரியாக வேலை செய்யாததும் அதனால்தான், பேச்சும் படிப்பும் மெதுவானதும் அதனால்தான்.

"மருந்த விடாம குடுங்க, கால்சியம் கொறையாம பாத்துக்கலாம். படிப்பு ஒரே நாள்ல மாறாதும்மா. ஆனா வலிப்பு இல்லன்னா கத்துக்க வழி கெடைக்கும்" என்றார் ரஜிதா. "நீங்க சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணம் இல்ல."

கர்ப்பத்தில் என்ன தின்றாய் என்று ஏழு வருடம் என்னைக் குடைந்தவர்களே, காதில் விழுந்ததா?

30.7.2024
வலிப்பில்லாமல் நூறு நாள்! கோகிலன் கேக்கில் ‘100’ என்று எழுதி வாங்கி வந்திருக்கிறார். பைத்தியம். நான்தான் இரண்டு துண்டு தின்றேன்.

17.2.2025, திங்கள்
பள்ளி. சிறப்புக் கல்வி வகுப்பு. ஒரு காலத்தில் அந்தப் பெயருக்கே அழுதிருக்கிறேன். இன்று வாசலில் நின்று டாட்டா காட்டினேன். பென்சில் பிடித்து ‘து’ எழுதியிருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க ‘து’.

20.4.2025, ஞாயிறு
மறுபடி திருவிழா. காலை மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். துளசியை நீர்மோர்ப் பந்தலில் நிறுத்தினேன். உருமி அடித்தது. என் கண் முழுக்க அவள் விரல்களில். டம்ளரைச் சிந்தாமல் நீட்டினாள்.

முத்தம்மா அக்கா மோரை வாங்கிக்கொண்டு கன்னத்தைக் கிள்ளினார். "என்னாடி, இந்த வருசம் ஆத்தா வரலையா?"

துளசி கொஞ்சம் யோசித்தாள்.

"ஆத்தா வரல. நான் வந்திருக்கேன்."