படத்தில் யாரும் பேசாத இடம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான். உன் அண்ணனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான் என்பதால் என் கையாலேயே எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். வீட்டுக்குள் உளவாளி புகுந்துவிட்டான் என்று நான் கூச்சல் போட்டதாகவும், வந்த மனிதரைத் துரத்தியதாகவும், பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகவும் அண்ணி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் என் வாழ்நாளில் கூச்சல் போட்டதில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்தத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையில், மழைக்கோட்டுப் போட்ட ஒருவன், ஓட்டலில் தங்கியிருப்பவர்களில் யார் நாட்டு ரகசியத்தை விற்கிறார் என்று கண்டுபிடிக்க வருவானே, அந்த ஹாலிவுட் படம்தான். கல்யாணமான புதிதில் உன் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார். ஓட்டல் மேனேஜர்தான் துரோகி என்று கடைசிவரை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், நானும் அந்த நல்ல மனிதரின் நிம்மதியைக் கெடுக்கவில்லை. "ஒரு சண்டை கூட இல்லையேம்மா, அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று உன் அண்ணன் கேட்கிறான். அவன் பார்க்கிற படங்களில் ஒருவன் மாடிக்கு மாடி தாவுகிறான், அரை ஊர் இடிந்து விழுகிறது, யாருக்கும் யோசிக்க நேரமில்லை, பார்க்கிறவனுக்கும் அது தேவையில்லை. இதில் ஒருவர் கோப்பையில் சர்க்கரையைக் கலக்குகிறார், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், யார் என்றுதான் தெரியவில்லை. குடும்பம் நடத்தியவளுக்கு இந்தக் கதை எப்படியடி அலுக்கும்?

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அண்ணி தானாகவே வந்து, "நல்லாக் கேக்கட்டும் அத்தை" என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். என்றைக்கும் இல்லாத அக்கறை, அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். படத்தின் நடுவில் கதாநாயகன் ஒரு கிழ டாக்டரின் அறைக்குள் நுழைந்து அலமாரியைக் குடைவான். வசனம் கிடையாது, இசை கிடையாது, வெகுநேரத்துக்கு ஒரு மூச்சுச் சத்தம் கூடக் கேட்காது. படம் நிலைத்து நிற்பதே அந்த இடத்தால்தான் என்பேன். உன் அண்ணனும் அண்ணியும் ஒருநாள்கூட உட்கார்ந்து அதைப் பார்க்காத புத்திசாலிகள் ஆயிற்றே, அப்படி ஓர் இடம் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் படுக்கையறையில் அளவு நாடா சுருளும் சத்தம் கேட்டது. "அத்தை படத்துல உக்காந்தா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாங்க, நீங்க தைரியமா அளங்க" என்றாள் உன் அண்ணி. "பெரியம்மா எப்போ காலி பண்ணுவாங்க?" என்றது ஒரு புதுக்குரல். உன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வெச்சாச்சு. தங்கச்சி கையெழுத்துதான் பாக்கி. அம்மாவுக்கு மறதி முத்திப்போச்சுன்னு சொன்னா போட்டுடுவா."

அந்தப் படத்தை முதல்முறையாக நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வீட்டுத் தரகர் என் கட்டிலுக்கடியில் பாதி உடம்போடு இருந்தார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வாங்குகிறவர் பக்கமா விற்கிறவர் பக்கமா, நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பக்கத்துக்கும்தாம்மா" என்றார், பாவம், அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆண்பிள்ளை. படத்தில் அப்படிப்பட்டவர்களைக் கடைசியில் சுட்டுவிடுவார்கள் என்று ஒரு தகவலுக்காகச் சொல்லி வைத்தேன். அவராகவே நாடாவைக்கூட எடுக்காமல் போய்விட்டார். நான் துரத்தினேன் என்பது இதுதான்.

இதற்காக என்னை ஞாபகமறதி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். உன்னைவிடச் சின்னவர். அண்மையில் பார்த்த எதையாவது சொல்லுங்கள் என்றார், படத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டம் வந்ததும், "துரோகி யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, நானே பாத்துக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உன் அண்ணனைப் பார்த்து, "இவங்களுக்கு மறதின்னு யார் சொன்னது?" என்றார். இதை உனக்குச் சொல்ல அண்ணி மறந்துவிட்டாள் போலிருக்கிறது. யாருக்கு வைத்தியம் தேவை என்று நீயே முடிவு செய்துகொள்.

முதியோர் இல்லம் மோசம் என்று நான் சொல்லவில்லை. என் வேலையை நான் செய்துகொள்ள முடியாத நாள் வந்தால் நானே பெட்டியைக் கட்டுவேன். ஆனால் பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்து, அம்மா, வீட்டை விற்கலாமா என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை. உன் அப்பா உங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனதால், உன் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் இருமலை டாக்டரிடம் காட்டு, கம்ப்யூட்டரிடம் கேட்காதே. பேத்தியை நின்றுகொண்டே சாப்பிட விடாதே. மூவரும் நோய்நொடியின்றி, ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

கையெழுத்துப் போடப் போகிறாயா இல்லையா என்பதை உன் கைப்பட எழுதி என் பெயருக்குத் தபாலில் அனுப்பு. தொலைபேசியை இங்கே அண்ணிதான் எடுப்பாள், கைபேசியில் நீங்கள் அனுப்பும் கட்டைவிரல் படமெல்லாம் எனக்குப் பதிலாகாது. போடப் போகிறாய் என்றாலும் எழுது. அதை நான் இன்னொருத்தி வாயால் கேட்கக் கூடாது.

உன் அம்மா